வீட்டு மீட்டருக்கு முன்னால் டிரான்ஸ்பார்மரைக் கவனியுங்கள்

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் தலைவர், இயக்குநர்கள், பொறியாளர்கள், அப்புறம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். மீட்டருக்கு இந்தப் பக்கம் நடப்பது எங்கள் வேலை, அந்தப் பக்கம் நடப்பது உங்கள் வேலை. ஆனால் எந்தப் பக்கம் கோளாறு என்றாலும் ஜனங்கள் முதலில் கூப்பிடுவது எங்களைத்தான். இப்போது போகிற வீடெல்லாம் ஒரே கேள்வி: ஸ்மார்ட் மீட்டர் வருதாமே, பில்லு ஏறுமா, இலவச யூனிட் போயிடுமா, காசு தீர்ந்தால் ராத்திரியில் கரண்டைப் பிடுங்கிடுவாங்களா? என்னால் முடிந்த பதிலைச் சொல்லிவிட்டு வருகிறேன். முழுப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

ரீடிங்கைத் தானாகவே ஆபீசுக்கு அனுப்பும் இந்த ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லித்தான். முதலில் ஃபீடருக்கும் (துணைமின் நிலையத்திலிருந்து தெரு டிரான்ஸ்பார்மர்களுக்கு வரும் லைன்) டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் போட்டு, அதில் வரும் கணக்கை ஊருக்குக் காட்டுங்கள், அதை வைத்து லைனைச் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகு வீட்டுச் சுவருக்கு வாருங்கள். திட்டத்தில் இந்த மூன்று இடத்து மீட்டரும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். 2021 ஜூலையில் மின் விநியோகத்தைச் சீர்திருத்த ஒன்றிய அரசு கொண்டுவந்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்தில் ஃபீடர் மீட்டரும் உண்டு, டிரான்ஸ்பார்மர் மீட்டரும் உண்டு. ஆனால் பேச்சு, டெண்டர், கெடு எல்லாமே 25 கோடி வீட்டு மீட்டர் என்ற எண்ணைச் சுற்றியே ஓடுகிறது.

ஏன் டிரான்ஸ்பார்மர் என்கிறேன் என்றால், மே மாதத்தில் ஒரு ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது ஒரு தெருவில் நின்று பாருங்கள். அறுபது எழுபது வீடு, எல்லாம் ஒரே டிரான்ஸ்பார்மரில். ஒரு காலத்தில் அந்தத் தெருவில் ஏ.சி. இருந்த வீட்டை விரல் விட்டு எண்ணலாம், இன்றைக்கு மாடிக்கு மாடி அவுட்டோர் யூனிட் தொங்குகிறது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு பேஸுக்கு, அதாவது தெருவுக்கு வரும் மூன்று கரண்ட் கம்பியில் ஒன்றுக்கு, கொடுக்கக்கூடியது சுமார் 133 ஆம்பியர். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். ஒரே பேஸில் பதினெட்டு ஏ.சி. சேர்ந்து ஓடினால் அந்தப் பேஸ் நிரம்பிவிட்டது, மின்விசிறி, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டாரெல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. வோல்டேஜ் இறங்குகிறது, டியூப்லைட் சிமிட்டுகிறது, ஏ.சி. கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமுகிறது. மூன்று பேஸ் இணைப்பு வைத்திருக்கிற வீட்டுக்காரர் மெயின் போர்டில் இருக்கும் பேஸ் சேஞ்சரைத் திருப்பிப் பக்கத்துப் பேஸுக்குப் போவார். எதிர் வீட்டுக்காரரும் திருப்புவார், மாடி வீட்டுக்காரரும் திருப்புவார், கொஞ்ச நேரத்தில் நன்றாக இருந்த பேஸுக்கு எல்லாரும் குடிவந்து அதன் பீஸும் போய்விடும். அப்புறம் மிச்சமிருக்கும் மூன்றாவது பேஸுக்கு ஓட்டம். லைன்மேன் வந்து, டிரான்ஸ்பார்மருக்கு வரும் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கி, டார்ச் வெளிச்சத்தில் பீஸ் கம்பி கட்டிவிட்டுப் போவார். அவர் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே மறுபடியும் போய்விடும்.

இதில் குறை சொல்லப்பட வேண்டியவர் யாருமில்லை. எந்தப் பேஸில் எவ்வளவு சுமை என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. லைன்மேனுக்கும் தெரியாது, கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்தால்தான் உண்டு, அதுவும் அந்த நிமிஷத்துக் கணக்கு மட்டும். மீட்டரோ சென்சாரோ இல்லாத டிரான்ஸ்பார்மர் என்றால் ஆபீசில் இருக்கும் உதவிப் பொறியாளருக்கும் தெரிய வழியில்லை. அந்த டிரான்ஸ்பார்மரில் செய்தி அனுப்பும் மீட்டர் ஒன்று இருந்திருந்தால், மூன்று பேஸிலும் ஓடும் ஆம்பியர், வோல்டேஜ் எல்லாம் கால் மணிக்கு ஒருமுறை ஆபீசுக்குப் போயிருக்கும். எண்ணெய் சூடேறுவதைச் சொல்ல ஒரு சென்சாரும் கூடவே வைக்கலாம். ஏப்ரலிலேயே இந்தத் தெருவில் முதல் பேஸ் தினமும் ராத்திரி தாங்கும் அளவைத் தாண்டுகிறது என்று தெரிந்து, இருபது வீட்டை வேறு பேஸுக்கு மாற்றியிருக்கலாம். பல இடங்களில் புது டிரான்ஸ்பார்மர்கூட வேண்டியிருக்காது, சுமையைச் சமமாகப் பிரித்தாலே போதும். எழுபது வீட்டுக்கு எழுபது மீட்டர் மாட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு மீட்டர் தரக்கூடிய நிம்மதி இது.

மின் இழப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதும் இங்கிருந்துதான் தொடங்க முடியும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வெளியே போன யூனிட் எவ்வளவு, அதில் இணைந்த வீடுகளின் மீட்டரில் பதிவான யூனிட் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு. வித்தியாசம் அதிகமென்றால் கம்பி மெலிசா, ஜாயிண்ட் சுடுகிறதா, கொக்கி போட்டுத் திருடுகிறார்களா, மீட்டர் பழுதா என்று போய்ப் பார்க்கலாம். இந்தக் கணக்கு சரியாக வர எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மரில், எந்தக் கம்பத்தில், எந்தப் பேஸில் என்ற பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும். இருக்கிறதா? பேஸை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பதிவேட்டில் எழுதாமல் விட்ட இணைப்புகள் எத்தனை என்று உங்கள் களப் பணியாளர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த மென்பொருள் வாங்கினாலும் இந்தப் பட்டியல் தப்பாக இருந்தால் அது சொல்வதும் தப்பாகத்தான் இருக்கும். தெருத் தெருவாக நடந்து பார்த்துத்தான் இதைச் சரிசெய்ய முடியும். அதைச் செய்ய உங்களிடமே சரியான ஆட்கள் இருக்கிறார்கள். ரீடிங் எடுக்க வீடு வீடாகப் போகும் கணக்கீட்டாளர்களுக்கு ஒவ்வொரு வீட்டின் மீட்டரும் எந்தப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது என்பது வரை தெரியும். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கும் அவர்களை இந்தக் கணக்கெடுப்புக்கும், அப்புறம் வரும் தகவலைப் பார்த்துக் களத்துக்குச் சொல்லும் வேலைக்கும் பயிற்சி கொடுத்து மாற்றுங்கள். இதை எழுத்தில் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது.

பெரிய லைன்கள் விஷயத்தில் நாம் இப்படி இல்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு இந்தியா இருண்டு 60 கோடிப் பேருக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது தென்னகத்தின் மின் கட்டமைப்பு, அதாவது கிரிட், தனியாக இருந்ததால் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாக நாமும் தேசியக் கிரிட்டுடன் இணைந்தோம். சத்தீஸ்கரில் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கே.வி. நேர்மின்னோட்ட லைனில் 6,000 மெகாவாட் கொண்டுவர முடிகிறது. அந்த உயரத்தில் நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று கட்டுப்பாட்டு மையத்தில் திரை போட்டுப் பார்க்கிறோம். தெரு டிரான்ஸ்பார்மருக்கு வரும் 11 கே.வி.க்குக் கீழே இறங்கினால் ஃபோன் வந்தால்தான் தகவல்.

மேலே இருப்பவர்களுக்கும் கீழே நடப்பது தெரிய வேண்டிய காலம் வந்துவிட்டது, காரணம் சூரியனும் காற்றும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு தொடங்கி மாநிலம் முழுக்க உள்ள காற்றாலைகளின் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல், சூரிய மின்சாரம் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு சூரிய மின்சாரம் பொங்கி வழிகிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு அது இறங்கும் நேரத்தில்தான் ஊரே வீடு திரும்பி விளக்கையும் ஏ.சி.யையும் போடுகிறது. நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்ப நமக்கு இருப்பது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டியபோது இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறையின் 400 மெகாவாட் நீரேற்று நிலையம், வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டிருக்கும் 500 மெகாவாட் குந்தா, வெளியிலிருந்து வாங்கும் விலை கூடிய மின்சாரம், இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கும் பேட்டரிகள். வீட்டுக் கூரை சோலாரும் வேகமாகக் கூடிவருகிறது. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்றதும் எங்களிடமே வாரம் தவறாமல் விசாரிக்கிறார்கள். ஒரு தெருவில் பத்து கூரை சோலார் வந்துவிட்டால் பகலில் மின்சாரம் டிரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்பி ஓடலாம், வோல்டேஜ் 250ஐயும் தாண்டலாம், அப்போது இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், வீட்டுக்காரர் பேனல் பழுது என்று நினைத்து எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் போய்ப் பார்த்தால் பேனல் நன்றாகத்தான் இருக்கும்.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுக்க மின்சாரம் போனது. எல்லாரும் குரங்கைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றைக்கு விடுமுறை நாள், தேவை குறைவு, பகல் நேரத்தில் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், பெரிய சுழலிகள் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன, அதனால் ஒரு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் வலு கிரிட்டுக்கு இல்லை. அதற்குப் பிறகு வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலார்களைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மக்களிடம் கேட்க வேண்டிய நிலை அங்கே வந்தது. எந்த வீட்டுக் கூரையில் எவ்வளவு உற்பத்தி என்று பார்க்கவும் வேண்டியபோது கொஞ்சம் குறைக்கவும் வழி இருந்திருந்தால் ஜனங்களிடம் இப்படிப் பொதுவாகக் கெஞ்ச வேண்டியிருக்காது. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சூரிய மின்சாரம் வரவர நல்லது என்று சொல்லிக்கொண்டே அதைப் பார்க்கும் கண்ணை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இனி வீட்டு மீட்டருக்கு வருகிறேன்.

அதில் ஜனங்களுக்கு உண்மையாகவே நல்லது இருக்கிறது, அதை நீங்கள் எடுத்துச் சொல்வதே இல்லை. ரெண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை இல்லை. 101லிருந்து 200 வரைக்குமான குறைந்த விலையும் சேர்ந்து போய்விடும். அந்த ஒரு யூனிட்டால் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். அதனால்தான் ரீடிங் எடுக்க ஒரு வாரம் தாமதமானால் வீட்டில் எல்லாருக்கும் கோபம் வருகிறது. ஸ்மார்ட் மீட்டர் குறித்த நாளில் குறித்த நேரத்தில் தானாக ரீடிங்கை அனுப்பிவிடும், ஒருநாள் முன்னே பின்னே ஆகாது. மாதாமாதம் கணக்கெடுக்க ஆளில்லை என்ற பதிலுக்கும் இடமில்லாமல் போகும், ஆள் இல்லாமலேயே எடுக்க முடியும்போது 2021 தேர்தலில் கொடுத்த மாதாந்திரக் கணக்கீட்டு வாக்குறுதியை நிறைவேற்றத் தடை என்ன? ஆனால் ஒன்று, மாதக் கணக்குக்கு மாறும்போது 2016லிருந்து இருக்கும் ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் மாதத்துக்கு எப்படிப் பிரியும், மற்ற படிநிலைகள் எப்படிப் பிரியும் என்பதை மீட்டர் வருவதற்கு முன்பே ஆணையத்தின் உத்தரவாகப் போடுங்கள். மேலிடத்தில் பேட்டியில் சொன்னார்கள் என்பதை ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

இன்னொரு நல்லதும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிசாகப் படுகிறது. நியூட்ரல் கட் ஆவது என்றால் என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பத்தில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 350, 400 என்று பாயும். டி.வி., பிரிட்ஜ், மின்விசிறி ரெகுலேட்டர், சார்ஜரில் கிடந்த போன் எல்லாம் ஒரே கணத்தில் கருகும். நாங்கள் போய் போர்டைத் திறந்தால் கருகிய வாசனைதான் முதலில் வரும். இப்போது அந்தக் குடும்பத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. உங்கள் வீட்டு வயரிங் சரியில்லை என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும், பழி எங்கள் தலையிலும் விழும். ஸ்மார்ட் மீட்டரில் எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட் வந்தது என்பது பதிவாகும். அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல், தூரத்திலிருந்து கண்காணிக்க முடிகிற சேவைக் குறைகளுக்கு இழப்பீடு தானாகவே கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. மீட்டர் மாட்டுவதன் நோக்கமாக இதையும் எழுதுங்கள். வீட்டுக்காரர் தன் போனில் தன் வோல்டேஜ் வரலாற்றை, மின்சாரம் போன நேரங்களை, எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதைப் பார்க்க முடிய வேண்டும். நீங்கள் யூனிட்டைக் கணக்கெடுக்கும் அதே கருவி உங்கள் சேவையையும் கணக்கெடுக்கட்டும்.

ப்ரீபெய்டு பற்றி வெளிப்படையாகப் பேசலாம். ஆர்.டி.எஸ்.எஸ். மானியம் வேண்டுமென்றால் ப்ரீபெய்டு மீட்டர்தான் போட வேண்டும், அதையும் டோட்டெக்ஸ் முறையில். அதாவது ஒரு நிறுவனம் தன் காசில் மாட்டி, பத்தாண்டு வாக்கில் பராமரிக்கும், கழகம் மீட்டருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டிக்கொண்டே வர வேண்டும். ஒன்றிய அரசு தருவது மீட்டர் விலையில் 15 சதவீதம் அல்லது 900 ரூபாய், எது குறைவோ அது. மிச்சம் முழுக்க நம் தலையில். கேரளம் இந்த முறை வேண்டாமென்று சொந்தச் செலவில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் வழியைத் தேர்ந்தெடுத்தது. நீங்களும் விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் டெண்டரை ரத்து செய்தீர்கள், அது சரியான முடிவு. அடுத்த முறை கையெழுத்துப் போடும்போது ஒரு மீட்டருக்கு மொத்தக் காலத்துக்கும் எவ்வளவு ஆகும், அதனால் எவ்வளவு இழப்பு குறையும் என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். தியாகராய நகரில் ஏற்கெனவே ஒரு லட்சத்துக்கு மேல் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியிருக்கிறீர்கள். அங்கே இழப்பு குறைந்ததா, புகார் குறைந்ததா, எத்தனை மீட்டர் செய்தி அனுப்பாமல் மௌனமாகிவிட்டது, அடுக்குமாடியின் அடித்தளத்தில் சிக்னல் கிடைக்கிறதா என்ற அறிக்கையை முதலில் படிக்கக் கொடுங்கள்.

மற்ற மாநிலங்களில் நடந்ததைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று, தப்பாகப் போன ஒரு கட்டளையால் ஒன்றரை லட்சம் ஸ்மார்ட் மீட்டர் வீடுகளுக்கு மேல் மின்சாரம் நின்றது. அந்த மீட்டருக்குள் ஒரு ரிலே இருக்கிறது, ஆபீசிலிருந்து ஒரு கட்டளை போனால் அது வீட்டைத் துண்டிக்கும். பழைய மீட்டரில் துண்டிக்க ஒரு ஆள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். வந்தவரிடம் உள்ளே ஆக்சிஜன் மெஷினில் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார் என்று சொல்லலாம், நாளைக்குக் கட்டிடறோம் என்று சொல்லலாம். மெஷினிடம் சொல்ல முடியாது. அதனால் யாரை, எப்போது, எந்த நேரத்தில் துண்டிக்கக் கூடாது என்பதை மென்பொருளிலேயே பூட்டி வைக்க வேண்டும். ராத்திரியில் கூடாது, விடுமுறை நாளில் கூடாது, மருத்துவக் கருவி இருக்கும் வீட்டில் நேரில் ஒருவர் போய்ப் பார்க்காமல் கூடவே கூடாது. ஒரே கட்டளையில் ஆயிரம் வீட்டுக்கு மேல் துண்டிக்க முடியாதபடி ஒரு வரம்பும் வையுங்கள். ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்பதை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கட்டும். 2024 மே மாதத்தில் வடோதராவில் ஜனங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் பழைய மீட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறோம் என்று குஜராத்தில் இறங்கிவந்தார்கள். நாம் அதை முதல் நாளே செய்யலாம். ஒவ்வொரு தெருவிலும் கேட்கிற வீட்டில் பழைய மீட்டரை ரெண்டு மாதம் விட்டு வையுங்கள், ரெண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். எங்கள் பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அனுமதிக்கப்பட்ட சுமை விஷயத்திலும் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. எத்தனையோ வீட்டில் அந்தக் காலத்தில் வாங்கிய ஒரு கிலோவாட் இணைப்பிலேயே ஏ.சி., கீசர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகிறது. ஸ்மார்ட் மீட்டர் உச்சச் சுமையைப் பதிவுசெய்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 2023 ஜூனில் வந்த விதித் திருத்தத்தின்படி, மீட்டர் மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது, ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் சுமையைத் திருத்த வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? மீட்டர் மாட்ட வரும் ஆள் கையில் இதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்து அனுப்புங்கள்.

அதே திருத்தத்தில்தான் நேரத்துக்கு ஏற்ற கட்டணமும் இருக்கிறது: சூரிய நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். யோசனை நல்லது. இட்லி மாவுக் கடைக்காரர் கிரைண்டரைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போடலாம், அடுக்குமாடிச் சங்கம் தண்ணீர்த் தொட்டியை மதியம் நிரப்பலாம், ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதை மாற்றலாம். ஆனால் ஒரு மின்விசிறி, ரெண்டு விளக்கு, ஒரு டி.வி. உள்ள வீட்டில் எதை மதியத்துக்கு மாற்றுவது? வேலையிலிருந்து சாயங்காலம் வந்துதான் அவர்கள் விளக்கே போடுகிறார்கள். சின்ன வீடுகளுக்கு மதியச் சலுகையைக் கொடுங்கள், சாயங்காலத் தண்டனையைக் கொடுக்காதீர்கள். விருப்பப்பட்டவர்கள் முழு முறைக்குள் வரட்டும்.

விவசாய இணைப்புகள் தனிக் கதை. மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயிகள் ஏன் கொதிக்கிறார்கள் என்று சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரிவதில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி 1970 ஜூனில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர்விட்டார்கள். இன்றும் ஒவ்வொரு வருஷமும் அங்கே நினைவு நாள் நடக்கிறது. இலவச மின்சாரம் அந்தப் போராட்டங்களின் வழியாக வந்தது. பம்ப்செட்டில் மீட்டர் மாட்டினால் அடுத்தது பில்தான் என்று அவர்கள் நினைப்பதை வதந்தி என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது விவசாயத்துக்கு மொத்தமாக எவ்வளவு போகிறது என்பதுதானே? அதற்குக் கிணற்று மேட்டுக்குப் போக வேண்டியதில்லை, விவசாய ஃபீடரைத் தனியாகப் பிரித்து, ஃபீடரிலும் டிரான்ஸ்பார்மரிலும் மீட்டர் போட்டாலே கணக்கு வந்துவிடும். அப்படிப் பிரித்த ஃபீடரில் பகல் நேரத்திலேயே மும்முனை மின்சாரம் கொடுங்கள், பொங்கி வழியும் சூரிய மின்சாரத்துக்கு லட்சக்கணக்கான மோட்டார்கள் காத்திருக்கின்றன. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சும் தடியுமாகப் பாம்புக்குப் பயந்துகொண்டே மடை மாற்றப் போகிறவரிடம் பகல் மின்சாரம் கொடுத்துவிட்டு அப்புறம் ஸ்மார்ட் கிரிட் பற்றிப் பேசுங்கள், அவரே உங்களுக்காகப் பேசுவார்.

உங்கள் ஆட்களின் உயிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) வாங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறியவர், யாரோ எங்கோ சுவிட்ச் போட்டதாலோ, எவர் வீட்டு ஜெனரேட்டரோ தப்பாக மாட்டிய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாகத் திருப்பிக் கொடுத்ததாலோ ஷாக் அடித்து இறந்தார் என்ற செய்தி தமிழ்நாட்டில் நின்றபாடில்லை. எந்த லைன் இப்போது உயிரோடு இருக்கிறது, எந்த லைனில் எவர் ஏறியிருக்கிறார் என்று ஒரே வரைபடத்தில் கட்டுப்பாட்டு அறைக்கும், துணைமின் நிலைய ஆபரேட்டருக்கும், லைன்மேன் கையிலிருக்கும் போனுக்கும் தெரிய வைக்கலாம். அவர் இறங்கி வந்து தன் போனில் சொன்னால்தான் அந்த லைனுக்கு சுவிட்ச் விழும் என்று பூட்டலாம். மற்ற எல்லாவற்றையும்விட இதை முதல் வருஷமே செய்யுங்கள். கூடவே கைவேலைத் திறமையை விட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்து சுமார் 2.25 லட்சம் இணைப்புகளை அணைத்தார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்குக் காரணம், ஆட்கள் துணைமின் நிலையங்களுக்கு ஓடிப்போய்க் கையால் சுவிட்ச் போட்டதுதான். காலியாகக் கிடக்கும் களப் பணியிடங்களை நிரப்புவதும் இந்த நவீனமயத்தில் சேர்ந்ததே. கணினி வந்துவிட்டது, ஆள் எதற்கு என்று நிதித் துறை கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் மீட்டரிலிருந்து கால் மணிக்கொரு முறை வரும் கணக்கைப் பார்த்தால் ஒரு வீட்டில் எப்போது தூங்குகிறார்கள், எப்போது ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பது எவருக்கும் தெரிந்துவிடும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் அந்தத் தகவலை வேறு எதற்கும் தொடக் கூடாது, விற்கக் கூடாது, ஒப்பந்தம் முடிந்தால் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற வரி டெண்டரிலேயே இருக்கட்டும்.

ஆணையத்தின் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு காரியம் செய்ய முடியுமா? ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அங்குள்ள ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் உச்சச் சுமையையும், மூன்று பேஸிலும் எவ்வளவு ஓடுகிறது என்பதையும், மாத இழப்பையும் இணையத்தில் போடுங்கள். எந்தத் தனி வீட்டின் தகவலும் அதில் வராது, அதனால் மறைக்கவும் காரணமில்லை. அப்புறம் தியாகராய நகர் அறிக்கையைத் தமிழில் வெளியிடுங்கள். கூட்டத்துக்கு நாங்கள் வருகிறோம், இந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். எந்தத் தெருவில் எந்தப் பேஸ் தாங்கவில்லை என்பதை எங்களிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் தொழிலாளி, உங்கள் மின் நுகர்வோர்